பழைய டிரக்கின் அழுக்குக் கார்பெட்டைக் கழுவினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

கார்பெட் கறுத்து, நாற்றமும் அடிக்கிறது என்கிறீர்கள். முடிவெடுக்கும் முன் கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியிலிருக்கும் பஞ்சை அழுத்தினால் ஈரம் கசிகிறதா? அப்படியென்றால் மேலே எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் நாற்றம் திரும்ப வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கதவு ரப்பர், முன்கண்ணாடியின் ஓரம், அடைத்துக்கொண்ட ஏசி வடிகுழாய் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பிசுபிசுப்போடு இனிப்பு வாடையும் வந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஒழுகுகிறது.

அடியில் காய்ந்திருந்தால் கழுவினாலே போதும். வேக்குவம் போட்டு மண்ணை எடுக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சேறாகிவிடும். அப்புறம் கொஞ்சம் சோப்பு நுரை, பிரஷ், ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம். முழுக்கக் காயும் வரை கதவுகள் திறந்தே இருக்கட்டும்.

கார்பெட் இற்றுப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குச் சீட்டைக் கழற்ற வேண்டும், உண்மையான வேலை சீட் போல்ட்டில்தான். துரு பிடித்து இறுகியிருக்கும், முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சீட்டுக்கடியில் ஏர்பேக் வயர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டபிறகே அதைத் தொடுங்கள். தரையில் துரு தெரிந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். பழைய கார்பெட்டைத் தூக்கி எறியாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் அளவு. புதியது வண்டித் தரையின் வடிவத்துக்கே அச்சில் வார்த்த கார்பெட் என்றால் வெயிலில் விரித்து வையுங்கள், மடிப்பு இளகும். போல்ட் துளைகளைக் கடைசியில், சிறிதாகவே வெட்டுங்கள்.

சேற்றுக் காலோடு ஏறும் வேலை வண்டிக்கு நான் வினைல் விரிப்பையே சொல்வேன். இரைச்சல் சற்றுக் கூடும், ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் சரி.