நுரையே இல்லாத கிணற்றுத் தண்ணீரில் எங்கிருந்து வந்தது நீலம்?

கேள்வி: உயர்தர மாணவர்களின் செயற்றிட்டத்துக்காக, யாழ்ப்பாணத்தில் உடுப்புத் தோய்க்கும் கிணற்றடியொன்றின் தண்ணீரில் சலவைத்தூள் கலந்திருக்கிறதா என்று மெதிலீன் நீலத்தை வைத்துப் பார்க்கிறோம். தண்ணீர் நுரைப்பதே இல்லை. ஆனால் சாயத்தோடு சேர்த்துக் குலுக்கிய குளோரோபோம் படை நன்றாக நீலமாகிறது. வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் மங்கலாக நீலம் வருகிறது. எங்கே பிழை?

பதில்: இரண்டு நீலத்துக்கும் பெரும்பாலும் காரணம் வேறு வேறு.

முதலில் காய்ச்சி வடித்த நீர். பிரிபுனலை, அதாவது இரு படைகளையும் பிரித்தெடுக்கும் புனலை, எதனால் கழுவினீர்கள்? பாத்திரம் கழுவும் திரவத்தால் என்றால், நீங்கள் தேடுவதை நீங்களே போட்டுவிட்டீர்கள். ஐதான அமிலத்தால் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள்.

இனிக் கிணறு. மெதிலீன் நீலம் நேரேற்றமுள்ள சாயம்; தனியே குளோரோபோமுக்குள் போக விரும்பாது. சலவைத்தூளின் மறையேற்ற மூலக்கூறோடு சோடி சேர்ந்தால் ஏற்றம் அடங்கிக் கீழேயுள்ள குளோரோபோம் படைக்கு இறங்கிவிடும். ஆனால் சோடி தேடும் சாயம் ஆள் பார்ப்பதில்லை. குளோரைட்டும் நைத்திரேற்றும் மிகுதியாக இருந்தால் அவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். நமது சுண்ணக்கல் நிலத்தில் இரண்டுக்கும் குறைவில்லை: கடலோரத்தில் உவர், வெங்காயத் தோட்டப் பக்கம் உரம்.

நல்லவேளை, இந்தச் சோடிகள் தளர்வானவை. பிரித்தெடுத்த குளோரோபோமை, சோடியம் இருஐதரசன் பொசுபேற்றும் சல்பூரிக்கமிலமும் கலந்த, சாயமில்லாத கரைசலோடு ஒருமுறை குலுக்குங்கள். உப்புகளால் வந்த நீலம் பெரும்பாலும் நீருக்குத் திரும்பிவிடும்; சலவைத்தூளின் நீலம் நிற்கும். அநேகமாக நீங்கள் விட்டது இந்தப் படியைத்தான். பிறகு கண்ணாடிப் பஞ்சினூடாக வடித்து 652 நனோமீற்றரில் ஒளியின் அகத்துறிஞ்சலை அளவிடுங்கள். மூர்க்கமாகக் குலுக்க வேண்டாம், பால்போலக் கலங்கினால் பிரியவே பிரியாது.

அப்புறம், கட்டிச் சவர்க்காரம் இந்த அமில ஊடகத்தில் அகப்படாது. அங்கே அதைத்தான் பாவிக்கிறார்கள் என்றால் நீலம் வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு சோதனையும் செய்யுங்கள். அதே கிணற்று நீரில் சலவைப்பொருளின் அளவு தெரிந்த நியமக் கரைசலைச் சேர்த்து, சேர்த்தது முழுதாகத் திரும்பி வருகிறதா பாருங்கள். குறைந்தால், உடுப்பை மென்மையாக்கும் திரவத்திலுள்ள நேரேற்றப் பொருள் சாயத்தின் இடத்தைப் பிடித்திருக்கலாம்.

குளோரோபோமை வாயால் உறிஞ்சி அளக்க வேண்டாம், யன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வுகூடப் புகைக்கூண்டு வேண்டும். கழிவைத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், போத்தலில் சேருங்கள். இந்த மண்ணில் ஊற்றியது அடுத்த கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது.