துன்பம் தொடரும்போது ஒரு கிறிஸ்தவர் விசுவாசத்தையும் நம்பிக்கையான மனநிலையையும் எப்படிக் காத்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார். ஜெபிக்க முழங்காலிட்டால் சொல் வருவதில்லை என்பது ஒன்று. ஆராதனை முடிந்து யாராவது நலம் விசாரித்தால் "கர்த்தருடைய கிருபையால் நலம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்பது மற்றொன்று. அந்த இரண்டாவது வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே பதிலை நானும் ஏறக்குறைய எட்டு மாதம் சொல்லித் திரிந்தவள்.

என் கணவருக்கு 43 வயதில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு. வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும் போனது. மருத்துவர் அதை அஃபேசியா என்றார். நாக்கு மரத்துப்போவதல்ல அது. சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கும், அதற்குரிய சொல் மட்டும் கைக்கு எட்டாது. எதிரே நிற்பது மனைவி என்று அவருக்குத் தெரியும். என் பெயர் வராது. கதவைச் சாத்தச் சொல்ல வாயெடுத்தால் "கடிகாரம்" என்று வரும். தவறென்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கும். 15 ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கதை சொல்லிப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டவர்.

முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் ஒரு வசனத்தோடு வந்தார்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28ஐ எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வசனத்தை நான் நம்புகிறேன். ஆனால் கட்டிலில் கிடப்பவரின் காலடியில் நின்றுகொண்டு அதைச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவரிடமிருந்து அதைக் கேட்பது வேறு அனுபவம். இன்னொருவர் ஒருபடி மேலே போய், "அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்றார், என் கணவர் முன்னாலேயே. பேசத்தான் முடியாது, காது நன்றாகவே கேட்கும் என்பது வந்தவருக்குத் தோன்றவில்லை. அன்று இரவு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அதன் பிறகுதான் வேதாகமத்தில் யோபுவின் புத்தகத்தை ஒழுங்காக வாசித்தேன். அதுவரை முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும்தான் எனக்குத் தெரியும்; எல்லாம் போனது, பொறுமையாக இருந்தான், இரண்டத்தனையாய்த் திரும்பக் கிடைத்தது. நடுவில் இருக்கிற நெடிய வழக்கை யாரும் பிரசங்கிப்பதில்லை. யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். பிறகு பேச ஆரம்பித்தார்கள். நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று சுற்றிச் சுற்றி அதையே. யோபுவோ தேவனோடு வாதாடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், நியாயம் கேட்கிறான். 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து பேசும் கர்த்தர் அவனைக் கடுமையாகவே விசாரிக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 42ஆம் அதிகாரத்தில் அவர் கோபம் கொள்வது நண்பர்கள் மேல். என்னைப் பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் குற்றவாளிகளாகிறார்கள். அவரிடமே சண்டை பிடித்தவன் அவர்களுக்காக வேண்டுதல் செய்யும் இடத்தில் நிற்கிறான்.

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. நான் தேவனிடம் குறைசொல்லலாம். ஒருவரைப் பற்றிப் புறம்பேசுவது வேறு, அவர் முகத்துக்கு நேரே போய்க் கேட்பது வேறு அல்லவா. நேரே போய்க் கேட்கிறோம் என்றால் அவர் அங்கே இருக்கிறார் என்று நம்புகிறோம், நம்மிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்போல் அவரை நினைக்கிற உரிமையும் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை விடியவே விடியாது. அறிமுகமானவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்ற புகாரோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்த்து மெழுகிவிடவில்லை.

நாட்காட்டியில் அச்சிடும் வசனங்களைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது புலம்பல் 3இல் 22, 23ஆம் வசனங்கள். சூரியோதயப் படத்தோடு நிறைய வீடுகளில் தொங்குகிறது. நான்கு வசனம் முன்னால், 18இல், அதே மனிதர் என் பெலனும் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்கிறார். எருசலேம் தரைமட்டமாகி, பசியில் பிள்ளைகள் தெருவில் விழுந்ததைப் பார்த்தவரின் வாய். 22ஐ மட்டும் வாசிக்கிறவருக்கு அது ஒரு நல்ல காலை வணக்கம். 18லிருந்து வாசித்தால் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்வது கேட்கும். அதற்குப் பிறகும் அழுகை நிற்பதில்லை, இன்னும் இரண்டு அதிகாரம் போகிறது.

இனி, இந்தப் பதிலில் நான் உண்மையாகவே சொல்ல வந்தது.

பக்கவாதம் வந்து நான்காவது மாதம். எனக்குள் ஜெபம் வற்றிப்போயிருந்தது. கோபம்கூட இல்லை. ஆனாலும் இரவில் விளக்கணைக்கும் முன் கட்டிலருகே உட்கார்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிவிடுவேன். தாழ்ப்பாள் போட்டோமா என்று பார்ப்பதுபோல ஒரு பழக்கம், வேறொன்றுமில்லை. அன்றும் அப்படித்தான், கண்ணைக்கூட மூடாமல், அவருடைய மாத்திரைப் பெட்டியில் மறுநாளுக்கானதைப் பிரித்துப் போட்டபடி சொல்லிக்கொண்டிருந்தேன். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற இடத்தில் இன்னொரு குரல் கேட்டது. கரகரப்பாக, எனக்கு அரைச் சொல் பின்னால். "செய்யப்படுவதாக" என்பது குழறாமல் முழுதாக வந்தது. என் கையிலிருந்த மாத்திரை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவார் என்ற பயத்தில் நான் நிறுத்தவில்லை. ஆமென்வரை வந்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. பழையபடி ஒன்றுமே வரவில்லை.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. நாமாக யோசித்துக் கோக்கும் பேச்சு வேறு, பல ஆண்டு சொல்லிப் பழகித் தானாக வரும் பேச்சு வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகள், சிறுவயதுப் பாடல்கள், மனப்பாடமான ஜெபங்கள் எல்லாம் அஃபேசியா வந்த பலருக்கும் தப்பிப் பிழைத்திருக்கும் என்று விளக்கினார். இதைச் சாட்சி நேரத்தில் அற்புதமாகச் சொல்லும்படி சபையில் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்ல விடுவதானால் சொல்கிறேன் என்றேன். அதில் யாருக்கும் அவ்வளவு ஆர்வமில்லை.

எனக்கோ அதுவே போதுமாக இருந்தது. மனப்பாட ஜெபத்தை உயிரில்லாத ஜெபம் என்று இளக்காரமாகப் பேசிய ஆள் நான். இருதயத்திலிருந்து வர வேண்டும், சொந்த வார்த்தையில் வர வேண்டும் என்று வாலிபர் கூடுகையில் போதித்துமிருக்கிறேன். சொந்த வார்த்தைகள் முழுக்கப் பறிபோன மனிதரிடம் மிஞ்சியிருந்தது அந்த இரவல் வார்த்தைகள்தான். அன்றிலிருந்து எனக்கும் அவைதான் ஆதாரம். விசுவாசம் என்பது நான் நெஞ்சுக்குள் மூட்டி மூட்டிக் காக்க வேண்டிய அனல் என்று நினைத்திருந்தேன், அது அணைந்தால் நான் தோற்றேன் என்றும். மாற்கு 9இல் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். ஒரே மூச்சில் இரண்டும். முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான்.

நேர்மறை மனநிலை என்ற சொல்லாட்சியில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. மனநிலை என் கையில் இல்லை. நான்கு மணிநேரம் தூங்கிய நாளில் ஒன்றாகவும், நன்றாகத் தூங்கிய நாளில் வேறொன்றாகவும் இருக்கும். எலியா தீர்க்கதரிசியின் கதை இதற்கு நல்ல மருந்து. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி பெற்றவர் அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கு வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று. கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

ஆகவே கேட்டவரிடம் கேட்கிறேன், தூங்குகிறீர்களா? வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல், சாவே மேல் என்ற எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், இன்றே. நான் போனேன், ஓராண்டு மருந்தும் எடுத்தேன். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்பவர்கள் சார்ல்ஸ் ஸ்பர்ஜனைப் பற்றி வாசிக்கட்டும். லண்டனில் ஆயிரக்கணக்கானோர் கேட்கக் கூடிய பிரசங்கியார் அவர். 1856இல் அவருடைய கூட்டத்தில் யாரோ தீ, தீ என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அதற்குப் பிறகு மனச்சோர்வு அவரை வாழ்நாளெல்லாம் விட்டுவிட்டுப் பிடித்தது. அதை அவர் மறைக்கவில்லை, ஊழியத்துக்குப் படிக்கும் மாணவர்களிடமே பேசினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளுக்குள் இருட்டிலேயே நடந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. இவர்களுக்கே இப்படியென்றால் நமக்கென்ன வெட்கம்.

எரேமியா 29:11ஐ யாராவது உங்களுக்கு வாக்குத்தத்தமாக அனுப்பியிருப்பார்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி அது. அதற்கு முந்தைய வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைக் கண்ணால் காணவே இல்லை. கடிதத்தின் தொடக்கத்தில் இருக்கும் கட்டளை, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்பது.

என் வீட்டு வாசலில் அவருடைய அலுவலகக் காலணி ஒன்பது மாதம் இருந்தது. வாரந்தோறும் பாலிஷ் போட்டு வைப்பேன். குணமானதும் போட்டுக்கொண்டு கிளம்புவார் என்பது என் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலை கவிழ்வதை நான் கவனிக்கவில்லை, என் தங்கைதான் சொன்னாள். அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்த வாரம் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இடது கையால் மட்டுமே ஒட்டிக்கொள்ளக்கூடிய பட்டை வைத்த காலணி வாங்கினேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம். நம்பிக்கையை விட்டுவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். அன்று என் கணவர் யார் துணையுமின்றி வாசல்வரை நடந்துபோய் வந்திருந்தார், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

மற்றபடி ஒரு நாளுக்குமேல் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற வசனத்தில் பாடு இருக்காது என்று சொல்லவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவும் அன்றன்றைக்குத்தான். ஓய்வுநாளுக்காக எடுத்து வைத்தது தவிர, மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போயிற்று. இன்னொன்று, ஒரே ஒரு மனிதரிடமாவது "நலம்" என்று சொல்லாதீர்கள். எனக்கு ஒரு அம்மா கிடைத்தார்கள். வாரம் ஒருநாள் வருவார்கள், துவைத்த துணியையெல்லாம் மடித்து வைப்பார்கள், போய்விடுவார்கள். நான் அழுதால் மடிப்பதை நிறுத்தமாட்டார்கள். வசனம் சொன்னதில்லை.

இது ஆறாவது வருடம். இரண்டு மூன்று சொற்களில் பேசுகிறார். என் பெயர் வருகிறது, சில நாள் அதற்குப் பதில் என் தங்கையின் பெயர் வந்து இருவரும் சிரித்துக்கொள்கிறோம். ஞாயிறு பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்லும்போது கூடச் சொல்கிறார். வலது கை திரும்பவில்லை. திரும்பாது என்றுதான் தோன்றுகிறது.

ஜெபிக்கச் சொல் வரவில்லை என்றீர்களே, 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். ஆறே வசனம், சத்தமாக வாசித்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் நம்பிக்கையும் பாட்டும் வரும். அவை வாயில் வராவிட்டால் நான்காவதோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். நான் பல நாள் நான்காவதோடு நிறுத்தியிருக்கிறேன்.