நேர்காணலுக்கு லேட்டாக வந்தவரை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை. பத்து மணிக்கு வரச் சொன்ன பெண் பத்தே முக்காலுக்குத்தான் வந்தார். முதலாளி பார்க்காமலே அனுப்பிவிட்டார். இது சரியா?
– மேலாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், அவர் போன் செய்தாரா? "சார், ஆத்தூர் பஸ் அயோத்தியாப்பட்டணத்திலேயே நிக்குது, அரை மணி நேரம் ஆகும்" என்று வழியிலேயே தகவல் சொன்னவரைத் திருப்பி அனுப்புவது உங்களுக்குத்தான் நஷ்டம். கணக்கில் இடித்தாலும் மறைக்காமல் வந்து சொல்லும் ஆள்தானே உங்களுக்கு வேண்டும்?

போன் வரவில்லை என்றால், கூப்பிட நம்பர் கொடுத்திருந்தீர்களா என்று பாருங்கள். பல கடைகளில் தேதி, நேரம், "ஒரிஜினல் சர்டிபிகேட்டுடன் வரவும்" என்பதோடு தகவல் முடிந்துவிடுகிறது. கடை நம்பருக்கு அடித்தால் பில் போடும் பையன் எடுப்பான். அன்றைக்கு நேர்காணல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நேர்காணல் எடுப்பவரின் கைபேசி எண்ணைக் கொடுத்து, "தாமதமானால் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கூப்பிடாமல் முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் தயங்காமல் மறுக்கலாம். ஆனால் வாசலில் நிற்க வைத்து வாட்ச்மேனை விட்டுச் சொல்ல வேண்டாம். நீங்களே வந்து இரண்டு வார்த்தை பேசி அனுப்புங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதி நடத்துகிறோம். காலை 9 மணிக்கு நேர்காணல் வைத்தால் பாதிப் பேர் 10 மணிக்கு மேல்தான் வருகிறார்கள். பொறுப்பில்லாத கூட்டம் என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: இதில் தவறு உங்கள் பக்கம். மேட்டூர்க்காரரும் ராசிபுரத்துக்காரரும் சேலம் வந்து, பஸ் மாறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வர வேண்டும். ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நிற்க அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? மழைக்காலத்தில் பாறை சரிந்தால் அந்தப் பாதையே அடைபட்டுவிடும்; குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். மே மாதக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றரைக்கு வையுங்கள். முதல் சுற்றை வீடியோ காலிலேயே முடித்துவிட்டு, மூன்று நான்கு பேரை மட்டும் மேலே வரச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. தங்கும் இடம் கொடுத்துத்தானே வேலைக்கு எடுக்கிறீர்கள்? ஊழியர் குடியிருப்பிலிருந்து வரவேற்பறைக்கு நடந்து வரப்போகிறவருக்கு மலைப்பாதைத் தாமதம் என்ன தகுதிக்குறைவு? கீழே அடிவாரத்திலிருந்து தினமும் வந்துபோகப் போகிறவரென்றால் கதை வேறு. எந்த பஸ், அது போய்விட்டால் என்ன வழி என்று நேரடியாகவே கேளுங்கள்.

கேள்வி: ஜவ்வரிசி ஆலைக்கு ஷிப்ட் சூப்பர்வைசர். வேலை தெரிந்தவர், ஆனால் இருபது நிமிடம் தாமதம். முதலாளியின் சொந்தக்காரர் சிபாரிசு வேறு.

பதில்: இந்த வேலையில் நேரம் முக்கியம்தான். இவர் வரும்வரை முந்தைய ஷிப்ட் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. ஆனாலும் ஒரு நாள் காலையை வைத்து எதுவும் தெரியாது. முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு வருகை எப்படி என்று விசாரியுங்கள், ஐந்து நிமிட வேலை.

சிபாரிசு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சிபாரிசோடு வந்தவருக்கு இருபது நிமிடம் பொறுத்தீர்கள் என்றால், சங்ககிரியிலிருந்து யார் துணையும் இல்லாமல் வந்தவருக்கும் அதே இருபது நிமிடம் உண்டு. பதினைந்தோ இருபதோ, எவ்வளவு பொறுப்பது என்பதை ஆட்களை அழைக்கும் முன்பே எழுதி வையுங்கள். முகத்தைப் பார்த்த பிறகு தீர்மானித்தால் அது விதியே இல்லை.

கேள்வி: தாமதமாக வந்தவரிடம் மீதமிருக்கும் பத்து நிமிடத்தில் பேசி முடிக்கலாமா?

பதில்: வேண்டாம். மற்றவர்களிடம் கேட்டதில் பாதியைக்கூட இவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள், பிறகு எதை வைத்து ஒப்பிடுவது? வரிசையின் கடைசியில் உட்காரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு நாள் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மேனேஜரே ஒரு மணி நேரம் தாமதம். வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.
– அஸ்தம்பட்டி

பதில்: மேனேஜரையே போன் செய்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். இனி அவர் வர நேரமானால், காத்திருப்பவரிடம் கால் மணி நேரத்துக்குள் யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும்.