கணவருக்கு 55 தாண்டிவிட்டது. உறைய வைத்த கரு என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 46, கணவருக்கு 56. திண்டுக்கல்லில் வசிக்கிறோம். 2020 பிப்ரவரியில் கோவையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் என் கருமுட்டையையும் அவருடைய விந்தணுவையும் கொண்டு உருவாக்கிய மூன்று கருக்களை உறைய வைத்தார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு வந்துவிட்டது. அப்புறம் எனக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, அறுவை சிகிச்சை என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது கர்ப்பப்பை தயாராக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் மையத்திலோ, "உங்கள் வீட்டுக்காரருக்கு 55 தாண்டிவிட்டது, சட்டப்படி கருவை வைக்க முடியாது" என்று கைவிரிக்கிறார்கள். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, சகோதரி. முதலில் ஒன்று. மையத்தில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கருக்களை அழிக்கவோ ஆராய்ச்சிக்குக் கொடுக்கவோ சம்மதிக்கும் படிவமாக அது இருந்தால், அதன்படி கருக்கள் கைவிட்டுப் போன பிறகு எந்த நீதிமன்றத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

மையம் சொல்வது முழுப் பொய் அல்ல. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவி ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு, பெண் என்றால் 21 வயதுக்கு மேல் 50-க்குள், ஆண் என்றால் 21-க்கு மேல் 55-க்குள் இருப்பவருக்கே மையங்கள் சிகிச்சை தரலாம் என்கிறது. மீறினால் முதல் முறையே 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் சிறை. இந்தப் பயத்தில்தான் மையம் ஒதுங்குகிறது. டாக்டரைக் குற்றம் சொல்வதைவிட, அவருக்குப் பாதுகாப்பாக ஒரு நீதிமன்ற உத்தரவை வாங்கித் தருவதுதான் உங்களுக்குப் பலன் தரும்.

இந்த வயது வரம்பு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வழக்கும் புரியும். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978-இல் கொல்கத்தாவில் பிறந்தது. 2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. நாடாளுமன்றம் சட்டமியற்ற 2021 டிசம்பர் ஆகிவிட்டது. மக்களவை விவாதத்தில் சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம், தனித்து வாழும் ஆண்கள், ஒருபாலின இணையர் என்று பலரை இந்த மசோதா வெளியே நிறுத்துகிறது என்று குறை சொன்னார். யார் பெற்றோர் ஆகலாம், யார் ஆகக் கூடாது என்பதில்தான் பேச்சு சூடுபிடித்தது. கூடவே வந்த வாடகைத் தாய் மசோதாவை மாநிலங்களவையின் தேர்வுக்குழு அக்கறையோடு அலசியது. நெருங்கிய உறவினர்தான் வாடகைத் தாயாக இருக்க வேண்டும், தம்பதி ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டு கடுமையான நிபந்தனைகளும் அந்தக் குழுவின் பரிந்துரையால்தான் போயின. இவ்வளவு பேசியவர்கள் உங்களைப் போல நடுவழியில் நின்றவர்களை நினைக்கவில்லை. வாடகைத் தாய் சட்டத்திலாவது, ஏற்கெனவே வாடகைத் தாயாக இருந்த பெண்களின் நலனுக்காகப் பத்து மாத அவகாசம் தந்தார்கள். கருவை உறைய வைத்துவிட்டுக் காத்திருந்த தம்பதிக்கு இரண்டு சட்டத்திலும் ஒரு வரி கூட இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. வயது வரம்பு சரியா தப்பா என்பது வேறு கேள்வி. பாதி வழி வந்தவர்களுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று யோசிக்காமல் விட்டது நியாயமே இல்லை.

அந்தக் குறையை உச்ச நீதிமன்றம் ஓரளவு சரிசெய்திருக்கிறது. 2025 அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற முயன்ற தம்பதிகளின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் சட்டம் வருவதற்கு முன்பே கருக்களை உறைய வைத்தவர்கள். அப்புறம் வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள். கருவை உருவாக்கி உறைய வைத்த அன்றே தம்பதி தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள், பின்னால் வந்த வயது வரம்பைக் காட்டி அவர்களைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். இயற்கையாகக் குழந்தை பெறுபவர்களுக்கு எந்தச் சட்டமும் வயது வரம்பு வைக்கவில்லையே என்றும் கேட்டது. அதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சொல்லியிருக்கிறது.

'அது வாடகைத் தாய் சட்டம் பற்றிய தீர்ப்பு, உங்களுடையது வேறு சட்டம்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். வாடகைத் தாயை நாடியவர்களுக்கே அந்த நியாயம் பொருந்தும் என்றால், தன் கருவைத் தானே சுமக்கப்போகிற உங்களுக்கு அது இன்னும் வலுவாகப் பொருந்தும்.

உங்கள் கையில் இன்னொரு வாதமும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. 21-ஆவது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வயதைத் தனித்தனியாகச் சொல்கிறது. உங்கள் கணவருக்குத் தரவேண்டிய சிகிச்சை என்ன? விந்தணுவை எடுப்பது. அது 2020-இல், அவருக்கு 50 வயது இருக்கும்போதே முடிந்துவிட்டது. இனி நடக்கவேண்டியது கருவை உங்கள் கர்ப்பப்பையில் வைப்பது மட்டும். உங்களுக்கு 46 வயது, வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். தம்பதி என்றால் இருவருமே வயதுக்குள் இருக்க வேண்டும் என்று மையங்கள் வாதிடுவதுண்டு. ஆனால் 2024-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கணவர் 55-ஐத் தாண்டியும் மனைவி 50-க்குள் இருந்த ஒரு தம்பதிக்கு, கொடையாளர் அணுக்களைக் கொண்டு சிகிச்சையைத் தொடர அனுமதி கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதியின் முன்னால் எடுத்து வைக்கலாம்.

குழந்தைக்கு 18 வயது ஆகும்போது அப்பாவுக்கு 75 ஆகிவிடுமே என்ற கேள்வியும் வரும். குழந்தையின் நலனை நினைத்தே வயது வரம்பு வைத்ததாக அரசு சொல்கிறது. அந்தக் கவலையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்கும் முன் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். கணவரின் உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்று, வருமானம், சொத்து, உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வரும் நெருங்கிய உறவினர் யார் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு பிரமாணப் பத்திரமாக மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லைதான். நீதிபதியின் மனதில் எழும் தயக்கத்தை இது பாதி குறைத்துவிடும்.

இனி செய்யவேண்டியது. மையத்திடம் உங்கள் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். குறைந்தது பத்து வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், தொலைந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. அதில் நமக்கு வேண்டிய முக்கியமான தாள், உறைய வைத்த நாளின் பதிவு. எத்தனை கரு, எத்தனையாவது நாள் கரு, எந்தக் குழலில் இருக்கிறது, தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 2022 ஜனவரி 25-க்கு முந்தைய அந்தத் தேதியில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. பராமரிப்புக் கட்டண ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். முயற்சியை நீங்கள் கைவிடவே இல்லை என்பதற்கு அவை சாட்சி. அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும்.

அதோடு, கருவை வைக்கக் கோரி ஒரு கடிதம் கொடுத்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக மறுத்ததை வைத்து வழக்குப் போடுவது சிரமம். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர் பிரிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். கடிதத்தை அங்கேயும் கொடுத்து, மாநில அளவில் இச்சட்டத்துக்கென உள்ள அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்புங்கள். பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் போதும். அதற்குள் பதில் வராவிட்டால் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். திண்டுக்கல் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது, ஆனால் கருக்களும் மறுப்பும் கோவையில் இருப்பதால் சென்னையில் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. வழக்கு முடியும்வரை கருக்களை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்ற இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள்.

வேகம் முக்கியம். கருவைச் சேமித்து வைக்கச் சட்டம் தரும் உச்சவரம்பு பத்து வருடம். உறைய வைத்த நாளிலிருந்து எண்ணினால் 2030 பிப்ரவரி. உங்கள் 50-ஆவது பிறந்தநாளும் அதே சமயத்தில்தான் வருகிறது. வழக்கு, மேல்முறையீடு, ஒரு முறை கரு தங்காமல் போனால் மறுமுயற்சி, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரு கர்ப்பப்பைக்குள் போகும் நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது என்பதால், அவருடைய புதிய எழுத்துமூலச் சம்மதத்தையும் மனுவோடு வைப்பது நல்லது. மனுவில் இருவரும் மனுதாரர்களாகவே இருங்கள்.