அவட வீடுதானே?

வணக்கம் அண்ணா,

நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துப் போன கிழமை 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' படத்தை வீட்டில் போட்டோம். ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 1995இல் ஆங் லீ எடுத்தது. நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், ஆனாலும் இவர்கள் பேசுகிற வேகத்துக்கு சப்டைட்டில் இல்லாமல் முடியவில்லை. இரண்டாவது மகள் மேரியானுக்காக நான் அழுதேன். என் கணவர் அழவில்லை. தகப்பன் செத்த கையோடு தாயும் மூன்று பெண்பிள்ளைகளும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் அவர் கேட்டார்: "அந்த மனிசி ஏன் வெளியால போறா? அது அவட வீடுதானே?"

எல்லாம் மூத்த தாரத்து மகனுக்குத்தான் போகும், அதுதான் அவர்களுடைய சட்டம் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு விளங்கவே இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி. பெண்ணுக்கு வீடு கொடுக்கிற நாம், அந்த வெள்ளைக்காரர்களைவிட மேல் என்று பெருமைப்படலாமா? மற்றது, மேரியானைக் கைவிட்டுப் போன வில்லோபி அவளை உண்மையாகவே விரும்பினானா, இல்லை நடித்தானா? கடைசிக் காட்சியில் குதிரையில் நின்று பார்க்கிறானே, அதற்கு என்ன அர்த்தம்?

ச., தம்பிலுவில்

அன்புள்ள ச.,

இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். உங்கள் கணவர் கேட்ட கேள்வியை ஒருவரும் கேட்டு நான் காணவில்லை. அது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆளுக்குத்தான் வரும்.

அங்கத்தைய கணக்கை முதலில் பார்ப்போம். நாவல் 1811இல் வந்தது. அதில் ஆஸ்டினின் பெயர்கூட இல்லை, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய காணிகள் துண்டுபடாமல் ஓர் ஆண் வாரிசிடமே போய்ச் சேரும்படி கட்டிவைத்திருப்பார்கள். சாகக் கிடக்கிற தகப்பனால் மகனைக் கூப்பிட்டுத் தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள் என்று கெஞ்சத்தான் முடிகிறது. அதற்குப் பிறகு வருகிற காட்சிக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவேன். மகன் ஜோனும் மனைவி ஃபேனியும் பேசிக்கொண்டே போகிறார்கள். தங்கச்சிமாருக்கு 3,000 பவுண் என்று தொடங்குகிறான். அது 1,500 ஆகிறது. பிறகு தாய்க்கு மட்டும் வருஷத்துக்கு 100. வருஷப் பணம் என்று ஒன்று வந்துகொண்டிருந்தால் ஆட்கள் இலேசில் சாகமாட்டார்கள் என்கிறாள் ஃபேனி. கடைசியில் எப்போதாவது ஒரு 20 பவுணில் வந்து நிற்கிறது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. காணி பிரிக்கிற பேச்சுக்குப் போய் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

எம்மா தாம்சன்தான் திரைக்கதை எழுதினார், மூத்த மகள் எலினராக நடித்ததும் அவர்தான். திரைக்கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. எலினரும் அவள் விரும்புகிற எட்வர்டும் குதிரையில் போகும்போது, தனக்கும் ஒரு தொழிலும் இல்லை, நம் இருவருடைய நிலைமையும் ஒன்றுதான் என்கிறான் அவன். எலினர் அமைதியாகச் சொல்கிறாள்: உங்களுக்குச் சொத்து தானாக வரும், எங்களுக்கு உழைத்துச் சேர்க்கக்கூட வழியில்லை. இதே கதை 2000இல் தமிழில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆனபோது மூத்தவள் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்துவிடுகிறாள். அதோடு கதையின் பாதிப் பயம் போய்விட்டது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும், பாட்டுகளுக்காக.

சரி, நம் பக்கம். அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்தக் கிழமையே அப்பா, அம்மா, சின்னக்கா, நான் எல்லோரும் பின் வளவில் கிடுகால் வேய்ந்த கொட்டிலுக்குப் பெட்டி தூக்கினோம். கல்வீடு அக்காவுக்குச் சீதனம். படத்தில் அந்த டாஷ்வுட் குடும்பத்துப் பெண்கள் புறப்படுவதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நாள்தான். வீட்டை விட்டுப் போன எங்களுக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. அம்மா சிரித்துக்கொண்டுதான் போனா. மறுகா அப்பா சின்னக்காவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டக் கயிறு பிடித்தார்.

அந்த வீடு முடிய ஒன்பது வருஷம் எடுத்தது. யுத்த காலம். சீமெந்து கிடைக்காது, கிடைத்தாலும் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். சின்னக்காவை விரும்பிய ஒருவர் இருந்தார். சின்னக்காவுக்கும் விருப்பம்தான். சுவர் யன்னல் மட்டத்தோடு நின்ற வருஷம் அவர் வேறு இடத்தில் கல்யாணம் முடித்தார். அங்கே கட்டி முடிந்த வீடு, கூடவே கொஞ்சம் காசு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அவருக்கும் இரண்டு தங்கச்சிகள். அவர்களுடைய சுவர்களும் எங்கேயோ யன்னல் மட்டத்தில்தான் நின்றன.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு, அரைவாசி பெருமைப்படுங்கள். எலினர் பெண் என்பதற்காக வீட்டை இழக்கிறாள். கட்டி முடித்த வீடு இல்லாததால் சின்னக்கா விரும்பியவரை இழந்தா. ஆனால் மற்ற அரைவாசியையும் சொல்லவேண்டும். மச்சான் குடித்துவிட்டுச் சண்டை பிடித்த காலத்தில் படலைக்கு வெளியே போய் நின்றது அக்கா இல்லை, மச்சான்தான். உறுதியில் அக்காவின் பெயர்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. முக்குவர் என்ற சமூகத்தின் பெயரில், முக்குவர் சட்டம் என்று நம் பக்கத்துக்கென ஒன்று இருந்தது. முதுசொம் காணி, அதாவது பரம்பரைக் காணி, ஓர் ஆணின் கையில் இருந்தாலும் அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த கட்டளைச் சட்டத்தோடு அது கோர்ட்டில் எடுபடாமல் போனது. சனம் விடவில்லை. மகளுக்குச் சீதனமாக எழுதித் தாய்வழியிலேயே கொண்டுபோனார்கள்.

அப்புறம் சுனாமி. 2004க்குப் பிறகு நடந்ததைக் கடற்கரை ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். உள்பக்கம் புதுக் காணி, புது வீடு. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம், அதில் ஆம்பிளையின் பெயர். கடலோடு போனது தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு. பதிலுக்கு வந்த வீடு பல இடங்களில் புருஷனின் பெயரில் வந்தது. 1811ஆம் ஆண்டு இங்கிலாந்து ஒரு படிவத்துக்குள் மடித்து நம் ஊருக்கு வந்ததுபோல இருந்தது எனக்கு.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே ஓர் ஆள் அறைக்குள் வருமுன்னே அவருடைய வருஷ வருமானம் வந்துவிடும். கடைசியில் மேரியானை முடிக்கிற கேணல் பிராண்டன் என்றால் 2,000 பவுண். நம் போடியார்மாரையும், அதாவது பெரிய வயற்காரரையும், இப்படித்தான் அளந்தார்கள், எத்தனை ஏக்கர் வயல், எத்தனை மாடு என்று. இப்போது அரசாங்க உத்தியோகமா, கட்டாரா என்று கேட்கிறார்கள். அந்த 2,000 பவுணை விளைவித்துக் கொடுக்கிறவனைப் படம் காட்டவே இல்லை. போடியார் வீட்டுப் பெருமைக் கதைகளிலும் வயலில் வேலை செய்கிற முல்லைக்காரன் வரமாட்டான்.

வில்லோபிக்கு வருவோம். அவன் நடிக்கவில்லை. விட்டுப் போன அன்றைக்கு மேரியானைக் கல்யாணம் கேட்கத்தான் வந்திருந்தான் என்று பிராண்டனே எலினரிடம் சொல்கிறார். வேறொரு பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டது வெளியே வந்துவிட்டது, சொத்துத் தரவிருந்த சீமாட்டி கைவிரித்துவிட்டாள், கழுத்தளவு கடன். 50,000 பவுணோடு மிஸ் கிரே இருந்தாள், அவளை முடித்தான். (அம்மாவோடு படம் பார்த்தபோது இந்த இடத்தில் நிறுத்தவேண்டி வந்தது. அம்மா அந்தப் பவுணை நகைப் பவுண் என்று நினைத்துவிட்டா. "அவ்வளவத்தையும் எந்தக் கழுத்தில போடுறது?") அந்தக் காலத்துப் பொதுச் சட்டப்படி, தனியாக எழுதிக் காப்பாற்றி வைக்காவிட்டால் மனைவியின் காசு கல்யாணத்தோடு புருஷனுடையது. கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கலாம் என்று அங்கே முழுதாகச் சட்டம் வந்தது 1882இல்.

அந்தக் கடைசிக் காட்சியில் பிராண்டன் நாணயங்களை வானத்தில் எறிகிறார். கல்யாணம் முடிந்த சந்தோஷத்துக்கும் காசுதான் பறக்கிறது, அதைக் கவனித்தீர்களா? வில்லோபி மேட்டில் நின்று பார்த்துவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போகிறான். அழுகிறவர்கள் அந்த இடத்தில்தான் அழுவார்கள். நான் முதல்தடவை பார்த்தபோது அவன் எங்கே போகிறான் என்று யோசித்தேன். பெண்சாதியின் காசு காப்பாற்றிக் கொடுத்த வீட்டுக்குப் போகிறான். அதைத் தண்டனை என்று அந்த ஊர்க்காரர் நினைக்கலாம். நம் ஊரில் முக்கால்வாசி ஆம்பிளைகள் பின்னேரம் வேலை முடிந்து போவது பெண்சாதியின் வீட்டுக்குத்தான். நானும்தான். இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருப்பது அவட வீட்டு விறாந்தையில் இருந்து. கேற்றைப் பூட்டிவிட்டு வரச்சொல்லி இரண்டாந்தரம் கூப்பிட்டுவிட்டா.