சிறுகோள் பித்துக்கு ராக்கெட் படிப்பு மருந்தல்ல

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள் ராத்திரியெல்லாம் சிறுகோள் பட்டியல்களோடு உட்கார்ந்திருக்கிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குக் கவலை தருவது, வீட்டை அடமானம் வைத்தாவது விண்வெளிப் பொறியியலில் சேர்த்துவிடச் சொல்லும் அவளுடைய மாமாவின் யோசனைதான்.

அந்தப் படிப்பில் கற்றுத்தருவது காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பின் வலிமை. கலம் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல படிப்பு. உங்கள் மகள் கேட்பதோ வேறு: கொரோனிஸ் என்ற சிறுகோள் குடும்பத்துக் கற்களெல்லாம் ஒரே தாய்ப்பாறை உடைந்து வந்தவை என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதற்கு விடை இயற்பியலிலும் கணிதத்திலும் புள்ளியியலிலும் இருக்கிறது. பெயரில் 'விண்வெளி' இருந்துவிட்டால் மட்டும் போதாது.

1918இல் ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா, சுற்றுப்பாதைகள் ஒத்துப்போகும் சிறுகோள்களைக் கூட்டம் பிரித்து 'குடும்பம்' என்றார். கொரோனிஸ் அப்போதே கண்ட ஒன்று. சூரியனிலிருந்து சுமார் 2.87 வானியல் அலகு தொலைவில் (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு) சுற்றுகிறது. 1993இல் கலிலியோ விண்கலம் படமெடுத்த ஐடா என்ற சிறுகோளும் இதன் உறுப்பினர்தான்.

இந்தக் கூட்டத்தை அவளே ஒரு சாதாரண மடிக்கணினியில் பிரித்தெடுக்கலாம். தரவு இலவசம், பைத்தான் நிரல்மொழியும் இலவசம். ஆனால் எல்லாரும் முதலில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இன்றைய தேதிக்கான சுற்றுப்பாதை அளவுகளை வரைபடத்தில் போடுவார்கள், கூட்டம் கலங்கித் தெரியும். வியாழனின் ஈர்ப்பு, பாதையின் வட்டவிலகலையும் (வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது) சாய்வையும் ஓயாமல் ஊசலாட்டுவதே காரணம். அந்த ஊசலாட்டத்தை வடிகட்டிய நிலைத்த அளவுகளின் பட்டியல் தனியே கிடைக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். பிறகு கற்களின் சுற்றுப்பாதைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை வேக அளவாக (நொடிக்கு இத்தனை மீட்டர் என்று) மாற்றுவார்கள். கொரோனிஸ் பகுதியில் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 17.6 கிலோமீட்டர். இரு கற்களின் அரைப் பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மாறினால், இடைவெளி நொடிக்குச் சுமார் 20 மீட்டர். இந்த இடைவெளிக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குள் அடங்கும் அண்டைக் கற்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். வரம்பைக் கூட்டினால் சம்பந்தமில்லாத கற்களும் உள்ளே வந்துவிடும். குறைத்தால் குடும்பம் துண்டு துண்டாகும். அதனால் நிறத்தையும் ஒளி பிரதிபலிக்கும் அளவையும் ஒப்பிட்டு ஊடுருவிகளைக் களைய வேண்டும். வெயிலில் சூடாகி வெப்பத்தை உமிழும் சிறு கற்கள் மெல்ல இடம் நகர்வதும் (யார்க்கோவ்ஸ்கி விளைவு) கணக்கில் வரும். சின்னக் கல் அதிகம் நகரும். அந்தப் பரவலின் அகலமே குடும்பத்தின் வயதைச் சொல்லும். கொரோனிஸுக்குள்ளேயே கரீன் என்றொரு இளம் குடும்பம் இருக்கிறது. 2002இல் அதன் சுற்றுப்பாதைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, உடைந்தது சுமார் 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று கண்டார்கள்.

சிறுகோளுக்கென்றே சம்பளம் தரும் ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, மறைக்கவில்லை. ஆனால் இரைச்சல் நிறைந்த தரவில் கூட்டம் பிரிக்கத் தெரிந்தவளுக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்பிலும் தரவுப் பகுப்பாய்விலும் வேலை உண்டு.

பணத்தில் கறாராக இருங்கள். தொலைநோக்கி வாங்க வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. இளநிலைக்குக் கட்டணம் குறைந்த இடத்தில் இயற்பியலோ கணிதமோ போதும். ஆனால் பாடத்திட்டத்தில் இயக்கவியல், புள்ளியியல், நிரலாக்கம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை இல்லாத இடத்தை ஏற்காதீர்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் அவளை இந்த ஒரு குடும்பத்தோடு விட்டுவிடுங்கள். வரம்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இயற்பியல்தான். கணக்கை மூடிவைத்துவிட்டு ஐடாவுக்குப் போன கலத்தின் பாகங்களைத் தேடத் தொடங்கினால் பொறியியலைப் பேசலாம், அப்போதும் அடமானம் இல்லாமல்.