சுயாதீன லக்சுரி வாட்ச் தயாரிப்பாளர்கள் அடிக்கடி லிமிடெட் எடிஷன் விடுவதைச் சேகரிப்பாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஒரு எடிஷனில் எத்தனை வாட்ச் என்ற எண்ணிக்கையை யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பட்டறையா, விற்பனைப் பிரிவா?

ஸ்விட்சர்லாந்தின் வாலே த ஜூ பள்ளத்தாக்கில் வாட்ச் கலைஞர் ஃபிலிப் டுஃபூர் 2000-இல் கொண்டுவந்த 'சிம்ப்ளிசிட்டி' வாட்ச்சில் மணி, நிமிடம், சின்ன நொடிமுள் மட்டும்தான். ஏறக்குறைய 200 செய்தார். 20 ஆண்டு நிறைவுக்கு இன்னும் 20. மூவ்மென்ட்டில் (வாட்ச்சை ஓட்டும் இயந்திரம்) சக்கரங்களைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற தகட்டின் ஓரத்தைச் சாய்வாக அரம் போட்டு, ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். உள்பக்கம் மடங்கும் மூலைகள் ஊசி முனை மாதிரிக் கூராக இருக்கும். அதைக் கையால் மட்டுமே கொண்டுவர முடியும். இந்த வேலையில் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடுகிறது. இதற்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

சேகரிப்பாளர்களான எங்களுக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். அதே மூவ்மென்ட், அதே கேஸ். டயல் நிறம் மட்டும் மாறி "50 மட்டுமே" என்று வரும். அது விற்று முடிவதற்குள் அடுத்த நிறம். ஸ்விஸ் நிறுவனமான எச். மோசரின் 'ஸ்ட்ரீம்லைனர்' குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) 2020 ஜனவரியில் 100 வாட்ச்சோடு அறிமுகமானது. பிறகு அதே வாட்ச் நீல டயலில் வந்தது. வாட்ச் அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் 100-இல் ஒன்றை வாங்கியவர், தான் வாங்கியது மாடலையா, நிறத்தையா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தயாரிப்பாளர் பக்கமும் எனக்குப் புரிகிறது. புது மூவ்மென்ட் உருவாக்க வருடக்கணக்காகும். அதுவரை சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். வாட்ச் கலைஞர் எஃப். பி. ஜூர்னே கூட 1999-இல் முன்பணம் வாங்கி 20 டூர்பியோன் (சுழலும் கூண்டு அமைப்புள்ள வாட்ச்) செய்துதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். சின்னத் தொகுதிகள் இல்லாமல் இவர்கள் பிழைக்க முடியாது.

ஆனால் இன்னொரு வாட்ச் கலைஞர் ரெக்செப் ரெக்செபி செய்ததைப் பாருங்கள். 2018-இல் 'குரோனோமெத்ர் கோன்தாம்போரேன்' பிளாட்டினத்தில் 25, ரோஸ் கோல்டில் 25. அடுத்த பதிப்பு 2022-இல்தான் வந்தது, அதுவும் புது மூவ்மென்ட்டோடு: நொடிமுள் துள்ளித் துள்ளி நகரும். முதல் 50 பேருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கேளுங்கள்: முந்தைய எடிஷனிலிருந்து உள்ளே என்ன மாறியிருக்கிறது? எண்ணிக்கை வரம்பில்லாத சாதாரண மாடல் ஒன்றாவது இருக்கிறதா? இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால், அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். அடுத்த நிறம் எப்படியும் வரும்.